இயேசுநாதர் வரலாறு: செவிவழி நம்பிக்கைகளும் சான்றுகளும்

சென்னைக்கு மேற்கே உள்ள பூந்தமல்லியையும் தெற்கே உள்ள பரங்கிமலையையும் ஒரு நெடுஞ்சாலை இணைக்கின்றது. அதன் ஒரு முனையில் இராமானுசருக்கு வழிகாட்டிய திருக்கச்சி நம்பிகள் தோன்றிய ஊர் உளது. மறுமுனையில் இயேசுநாதரின் மாணவருள் ஒருவராகிய தோமையர் உயிர் நீத்த இடம் எனப் போற்றப்படும் குன்று உளது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்களிலும், வடக்கே ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகளிலும் வாழும் மக்களிடையே இயேசுநாதரின் வாழ்க்கையைப் பற்றி ஒன்றற்கொன்று மாறுபட்ட பல செய்திகள் வழங்குகின்றன. அவர் இளமையில் இந்தியாவிற்கு வந்து கல்வி பயின்றார் என்பர் சிலர். அவர் பிறப்பால் தமிழரே என்பர் வேறு சிலர். அவர்தம் மாணவர் மயிலாப்பூரில் தங்கித் திருவள்ளுவர்க்கு அறம் உரைத்தார் என்பாரும் உளர். அப்படி ஒருவர் உலகில் வாழ்ந்ததே இல்லை என மறுப்பாரும் உளர்.

இவையெல்லாம் சமயத்தார் பேச்சு எனத் தமிழாராய்ச்சியாளர் ஒதுங்கிவிடல் இயலாது. வள்ளுவர் காலம், சங்ககால வாணிகம், தமிழ்ச்சொற்களின் வரலாறு, மயிலாப்பூரின் பழமை ஆகிய நம் துறைப் பொருள்கள் பலவும் இந்நம்பிக்கைகளோடு பின்னிக் கிடக்கின்றன. ஆதலின் இவற்றுள் சான்றுடையன யாவை, சான்றில்லாதன யாவை எனப் பகுத்துக் காண்டல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இயேசுநாதரின் இறைமையைப் பற்றியோ, அற்புதங்களைப் பற்றியோ யாம் ஈண்டு ஆராய்ந்திலேம். அவை நம்பிக்கையின்பாற்படுவன. இன்ன காலத்தில், இன்ன இடத்தில், இன்னது நிகழ்ந்தது என்னும் கூற்றுகளே வரலாற்றின் எல்லைக்குள் வருவன.

1. அளவுகோல்

வெளிநாட்டு வரலாற்றுக்குச் செல்லுமுன் இவ்வட்டாரத்திலேயே கிடைக்கும் மூன்று எடுத்துக்காட்டுகளைக் கொண்டு நம் அளவுகோலை வகுத்துக்கொள்வோம்.

ஆவடி என்னும் பெயர், கவச ஊர்திகளையும் அவற்றின் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் சேர்ந்து பிறந்தது எனப் பலர் இன்றும் நம்புகின்றனர். அங்குள்ள கனரக ஊர்தித் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது 1961-இல். இந்திய தேசியக் காங்கிரசு சமதர்மப் பாங்கான சமுதாயத்தை நோக்கமாக ஏற்ற மாநாடு ஆவடியில் கூடியதோ 1955 சனவரியில். தொழிற்சாலைக்கு முன்னரே ஊர்ப்பெயர் நாடறிந்ததாக இருந்தமையின் தொழிற்சாலையிலிருந்து பெயர் வந்தது என்பது பொருந்தாது. பொருத்தமாகத் தோன்றும் விளக்கமும் காலத்தால் பிழைபடும் என்பதற்கு இது சான்று.

அடுத்துள்ள திருமுல்லைவாயிலில், தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி சூழ்ந்து தடுத்ததும், மன்னன் அதனை வாளால் வெட்டியபோது கீழிருந்த இலிங்கத்தின்மேல் வாள் பட்டதும் தலவரலாறாக வழங்குகின்றன. சுந்தரர் தம் பதிகத்தில் தொண்டைமானையும் முல்லைக்கொடியையும் குறித்துள்ளார். இதனால் சுந்தரர் காலத்திலேயே அவ்வரலாறு மக்களிடையே வழங்கியது என்பது உறுதிப்படும். ஆனால் அந்நிகழ்ச்சி நடந்தது என்பது அதனால் உறுதிப்படாது. ஒரு செய்தி முதன்முதல் எழுத்தில் காணப்படும் காலம், அந்நம்பிக்கை உயிரோடிருந்த காலத்தைக் காட்டுமே யன்றி நிகழ்ச்சியின் காலத்தைக் காட்டாது.

பூந்தமல்லிக்கு மேற்கேயுள்ள திருமழிசையில் தோன்றிய ஆழ்வாரைக் குருபரம்பரை நூல்கள் துவாபர யுகத்தில் வைக்கின்றன. பாசுரங்களின் மொழிநடையையும் பல்லவர்கால வரலாற்றையும் ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர் பலர் அவரைக் கி.பி. ஏழாம் நூற்றாண்டையொட்டி வைப்பர். இதனால் ஆழ்வார் வாழ்ந்ததே பொய் என எவரும் கூறுவதில்லை. மரபு கூறும் காலம் பிழைபட்டபோதும் மரபுக்கு அடிப்படையான மனிதர் மெய்யானவராக இருத்தல் கூடும்.

இம்மூன்று நெறிகளையும் நம் ஊர்த் தலவரலாறுகளுக்குக் கையாளும் நாம், அயல்நாட்டில் தோன்றிய ஒருவர் வரலாற்றுக்கும் கூட்டாமலும் குறைக்காமலும் கையாளுதல் வேண்டும்.

2. இயேசுநாதர் வாழ்ந்தவரா?

இயேசுநாதர் கற்பனை மாந்தர் என்னும் கொள்கையை ஐரோப்பாவில் புரூனோ பாவர் முதலியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பினர். ஆர்தர் திரூசு என்னும் செருமானியர் 1909-இல் அதனைத் தனிநூலாக விரித்தார். பெர்ட்ரண்டு ரசல் 1927-இல் ஆற்றிய உரையிலும் இவ்வையம் இடம்பெற்றது. அவ்வுரை தமிழில் பெயர்க்கப்பெற்று நம் நாட்டிலும் பரவியது. ஐயுறுதல் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. எனினும் அவ்வையமும் சான்றால் சோதிக்கப்படவேண்டுவதே.

கிறித்தவர் அல்லாத பழைய எழுத்தாளர் இருவர் ஈண்டு முதன்மையானவர். யூதர் குலத்தவராகிய யோசேப்பு என்னும் வரலாற்றாசிரியர் கி.பி. 93-94-இல் முடித்த 'யூதர் தொன்மை' என்னும் நூலில் இருமுறை இயேசுவைக் குறிக்கின்றார். பதினெட்டாம் பகுதியிலுள்ள குறிப்பில் பிற்காலக் கிறித்தவர் கைபட்டுள்ளது என்பது ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்பிய முடிபு. ஆனால் இருபதாம் பகுதியில், கிறித்து எனப்பட்ட இயேசுவின் உடன்பிறந்தாராகிய யாக்கோபு கொலையுண்டதை வேறொரு நிகழ்ச்சியினிடையே அவர் கூறிச்செல்கின்றார். புகழ்ச்சி சிறிதும் இல்லாத இக்குறிப்பு இடைச்செருகல் போலத் தோன்றவில்லை. உரோம வரலாற்றாசிரியர் தாசித்தர், ஏறத்தாழக் கி.பி. 116-இல் எழுதிய நூலில், திபேரியு மன்னன் காலத்தில் பொந்தியு பிலாத்து கிறித்துவுக்குக் கொலைத்தண்டம் விதித்ததைக் குறிக்கின்றார். அவர் கிறித்தவத்தை வெறுத்தவர். ஆதலின் கிறித்தவர்க்கு உதவும் பொருட்டுப் புனைந்தார் என்றல் இயலாது. 1961-இல் செசரியா நகரின் இடிபாடுகளிடையே பிலாத்தின் பெயர் பொறித்த கல் ஒன்று கிடைத்தது. அதில் காணும் பதவிப்பெயர் தாசித்தர் தரும் பதவிப்பெயரினின்று வேறுபடுகின்றது. பதவிப்பெயரில் வழுவிய ஆசிரியர் ஆளின் பெயரிலும் காலத்திலும் வழுவவில்லை என்பதை மாணவர் கருதுதல் வேண்டும்.

இவற்றினும் பழமையானவை பவுலின் கடிதங்கள். அவை கி.பி. 50-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுந்தவை. கலாத்தியர்க்கு எழுதிய கடிதத்தில், தாம் இயேசுவின் உடன்பிறந்தாராகிய யாக்கோபை நேரிற் கண்டதாக அவர் கூறுகின்றார். ஒருவர் இறந்து இருபது முப்பது ஆண்டுகளுள், அவர்தம் உடன்பிறந்தாரைக் கண்டவர் எழுதிய எழுத்து நம் கையில் இருத்தல், பண்டை வரலாற்றில் எளிதிற் கிடைப்பதன்று.

மற்றொன்றும் நோக்குக. தலைவனைப் புனைவோர் அவனுக்கு இழிவு தருவதைப் புனையார். சிலுவையில் அறைந்து கொல்லுதல் அடிமைகட்கும் கலகக்காரர்க்கும் உரோமர் விதித்த இழிந்த தண்டனை. அத்தண்டனை பெற்றவரே மீட்பர் எனச் சொல்ல நேர்ந்தமை தொடக்கக் கிறித்தவர்க்குப் பெரும் இடர்ப்பாடாயிற்று. அவ்வாறே, இயேசு யோவானிடம் திருமுழுக்குப் பெற்றார் என்பதும் யோவானை உயர்த்துவதாகப் படுதலின் சங்கடம் தருவதே. இவ்விரண்டையும் மறைக்கவியலாமல் நற்செய்தி நூல்கள் கூறியிருத்தல், அவை நிகழ்ந்தன என்பதற்கு வலிய அறிகுறி. ஆதலின், கலிலேய நாட்டு நாசரேத்தூரில் வளர்ந்து, யோவானிடம் திருமுழுக்குப் பெற்று, மக்களுக்குக் கற்பித்து, பிலாத்தின் ஆட்சியில் எருசலேமில் சிலுவையில் இறந்த ஒருவர் வாழ்ந்தார் என்பது ஐயத்திற்கு இடமின்றித் துணியப்படும்.

3. பிறந்த ஆண்டும் நாளும்

கிறித்தவரிடையே வழங்கும் சில நம்பிக்கைகளும் ஆராய்ச்சிக்கு உரியனவே. கி.பி. முதலாண்டின் தொடக்கத்தை ஒட்டி இயேசு பிறந்தார் எனக் கொள்ளும் கணக்கு, தியோனீசியர் என்னும் துறவி கி.பி. 525-இல் வகுத்தது. மத்தேயு நற்செய்தி, ஏரோது மன்னன் காலத்தில் இயேசு பிறந்ததாகக் கூறும். அம்மன்னன் இறந்தது கி.மு. 4-இல் என்பர். லூக்கா நற்செய்தியோ, குரேனியு என்பவன் சிரியாவை ஆண்டபோது நிகழ்ந்த குடிக்கணக்கைப் பிறப்போடு இணைக்கின்றது. அக்கணக்கு நடந்தது கி.பி. 6-இல். இவ்விரண்டுக்கும் இடையே ஏறத்தாழப் பத்தாண்டு வேற்றுமை உளது. இதனை நீக்கப் பலரும் முயன்றும் எல்லாரும் ஒப்பும் தீர்வு எய்தப்படவில்லை. அறிஞர் பெரும்பாலோர் கி.மு. 6-க்கும் 4-க்கும் இடையே பிறப்பை வைப்பர். கிறித்து, 'கிறித்துவுக்கு முன்' பிறந்தார் என்னும் இம்முரண் காலக்கணக்கின் பிழையேயன்றி வேறன்று.

திசம்பர் 25-ஆம் நாள் நற்செய்தி நூல்களில் எங்கும் இல்லை. கி.பி. 354-இல் உரோமில் தொகுக்கப்பெற்ற ஆண்டுக்குறிப்பே அந்நாளைத் தெளிவாகத் தரும் பழைய சான்று. குழந்தையைக் காண வந்தோர் மூவர் என்றும் அரசர் என்றும் நாடகங்களிலும் படங்களிலும் காண்கின்றோம். மத்தேயு அவரை வானநூல் வல்ல கீழ்த்திசை ஞானியர் என்ற அளவில் நிறுத்துகின்றார், அரசர் என்றிலர், எண்ணிக்கையும் தந்திலர். பரிசில்கள் மூன்றாதல் கொண்டு வந்தோரும் மூவராயினர். இறப்பைப் பொறுத்தவரை, பிலாத்து கி.பி. 26 முதல் 36 வரை ஆண்டமையின், கி.பி. 30 அல்லது 33 என்னும் இரண்டனுள் ஒன்றை ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் கொள்வர்.

4. இந்தியப் பயணம் என்னும் கதை

பன்னிரண்டு வயதில் எருசலேம் கோவிலில் இயேசுவைக் காட்டும் லூக்கா நற்செய்தி, அடுத்து ஏறத்தாழ முப்பது வயதில் அவரைக் காட்டுகின்றது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளின் இடைவெளியே பல கதைகட்கு நிலமாயிற்று. நிக்கலாசு நோத்தோவிச்சு என்னும் உருசியர் 1894-இல் பாரிசில் ஒரு நூல் வெளியிட்டார். தாம் இலடாக்கிலுள்ள எமிசு மடத்தில் தங்கியபோது, 'ஈசா' என்பவர் இந்தியாவில் கற்றுத் திரும்பிய வரலாறு கூறும் ஏடு ஒன்றை மடத்துத் தலைவர் படித்துக் காட்டினார் என்பது அவர் கூற்று. அவ்வாண்டிலேயே மாக்சு முல்லர் இதனை ஐயுற்று எழுதினார். ஆக்ராவில் அரசினர் கல்லூரிப் பேராசிரியராயிருந்த தக்ளசு என்பவர் 1895-இல் எமிசு சென்று வினவினார். அத்தகைய ஏடு ஒன்றும் இல்லையென்று மடத்துத் தலைவர் மறுத்தார்; அம்மறுப்பு 1896-இல் அச்சேறியது. பின்னர்ச் சுவாமி அபேதானந்தர் 1922-இல் அங்குச் சென்று அத்தகைய ஏட்டைக் கண்டதாக எழுதினார். எனினும் மூலச்சுவடி இற்றைநாள் வரை அறிஞர் ஆராயுமாறு வெளிப்படவில்லை. மூலம் காட்டாத மேற்கோளை நாம் இலக்கண நூலுக்கு ஏற்பதில்லை. வரலாற்றுக்கு ஏற்றல் யாங்ஙனம்?

இனி, மாற்கு நற்செய்தியே இக்கதைக்கு எதிர்ச்சான்றாகின்றது. இயேசு தம் ஊரில் கற்பித்தபோது, இவன் நம்மோடிருந்த தச்சன் அல்லனோ, இவனுக்கு இவ்வறிவு எங்கிருந்து வந்தது என ஊரார் வியந்தனர் என்பது அந்நூற்செய்தி. பல்லாண்டு தொலைநாட்டில் கற்று மீண்டவராயின் அவ்வியப்புக்கு இடனில்லை. பயணத்தையே ஊரார் காரணமாகக் கூறியிருப்பர்.

காசுமீரத்துச் சீநகரில் உள்ள கல்லறை ஒன்றில் இயேசு அடக்கம் பெற்றார் என்னும் கொள்கையை அகமதியா இயக்கத்தை நிறுவிய மீர்சா குலாம் அகமது 1899-இல் எழுதினார்; அந்நூல் 1908-இல் வெளிவந்தது. அக்கல்லறைக்குரியவர் பெயர் 'யூசு ஆசாப்பு' என்பர். போதிசத்துவர் என்னும் சொல், புத்தர் வரலாறு பாரசீக, அரபு மொழிகளின் வழிச் சென்றபோது 'பூதாசாப்பு' எனவும், அரபு எழுத்தில் ஒரு புள்ளி வேறுபாட்டால் 'யூதாசாப்பு' எனவும் திரிந்தது. யூசு ஆசாப்பு என்னும் பெயர் அத்திரிபின் வழிவந்தது என்னும் விளக்கமே சொல்வரலாற்றுக்கு ஒத்தது. எனவே அப்பெயர் இயேசுவினும் புத்தரையே நமக்கு நினைவூட்டுகின்றது.

5. இயேசு தமிழரா?

வி. தா. சாவர்க்கரின் தமையனார் கணேசு தாமோதர் சாவர்க்கர் மராத்தியில் எழுதி, 1946-இல் வெளிவந்த 'கிறித்து அறிமுகம்' என்று பொருள்படும் நூலில், இயேசு விசுவகர்மப் பிராமண குலத்தவர் என்றும் தமிழர் என்றும் எழுதினார். அந்நூல் 2016-இல் மும்பையில் மீண்டும் வெளியிடப்பட்டபோது இக்கூற்று செய்தித்தாள்களின் வழிப் பரவியது. தமிழுக்குப் பெருமை தருவதுபோலத் தோன்றுதலின் நம்மவருள்ளும் சிலர் இதனை மகிழ்ந்து ஏற்றனர். பெருமை தருவது என்பதனாலேயே ஒரு கூற்றை இருமடங்கு ஆராய்தல் நம் கடன்.

நற்செய்தி நூல்கள் கிரேக்கத்தில் எழுந்தவை. எனினும் இயேசு பேசிய சொற்கள் சிலவற்றை அவை மூலமொழியிலேயே காத்துள்ளன. மாற்கு தரும் 'தலித்தா கூம்', 'எப்பத்தா' முதலியன அரமாயிக் மொழிச் சொற்கள். தந்தையைக் குறிக்கும் 'அப்பா' என்னும் அரமாயிக் சொல்லைக் காட்டி, இது தமிழே என்பாரும் உளர். தந்தையையும் தாயையும் குறிக்கும் மழலைச்சொற்கள் இதழால் ஒலிக்கும் எழுத்துகளைக் கொண்டு, தொடர்பற்ற மொழிகள் பலவற்றில் ஒத்த வடிவு பெறுதல் மொழிநூலார் நன்கறிந்த உண்மை. ஆதலின் அவ்வொற்றுமை உறவைக் காட்டாது.

பெயரொப்புமையும் இத்தகையதே. இயேசு என்பது 'யேசுவா' என்னும் எபிரேயப் பெயர். 'யாவே மீட்பர்' எனப் பொருள்படும் 'யெகோசுவா' என்பதன் குறுக்கம் அது. கிரேக்கத்தில் 'ஈசூசு' என்றாகி, இலத்தீன் வழி மேலை மொழிகளிற் புகுந்து, தமிழில் இயேசு, ஏசு என்றாயிற்று. ஈசன் என்பதோ ஆளுதற்பொருளுடைய வடமொழி வேரினின்று பிறந்தது. கிறித்து என்பது 'மேசியா' என்னும் எபிரேயச் சொல்லின் கிரேக்க மொழிபெயர்ப்பு. எண்ணெய் பூசப்பெற்றவன் என்பது அதன் பொருள். கிருட்டிணன் என்பதோ கருநிறத்தன் எனப் பொருள்படும். ஒலியளவில் ஒத்து, வேரினும் பொருளினும் வேறுபடும் சொற்களை இணைத்தல், ஆவடியின் பெயரை ஆங்கில எழுத்துகளாற் பிரித்தலோடு ஒப்பதாகும்.

உண்மையான தொடர்பு எவ்வாறிருக்கும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. சாலமோன் மன்னனுக்குக் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'துக்கி' என்பது. அது தமிழ்த் 'தோகை'யோடு தொடர்புடையது என்னும் கருத்தைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துரைத்தார். ஈண்டு ஒலி ஒக்கின்றது, பொருள் ஒக்கின்றது, மயில் இந்தியப் பறவையாதலின் பொருள் சென்ற வழியும் ஒக்கின்றது. மூன்றும் ஒருங்கு பொருந்துவதே சொல்லாராய்ச்சி. தமிழின் சிறப்புக்கு இத்தகைய சான்றுகள் போதும். இயேசுவைத் தமிழராக்குதல் வேண்டா.

6. தோமையரும் மயிலாப்பூரும்

இயேசு வந்திலர், அவர்தம் மாணவர் தோமையர் வந்தாரா? இது முன்னவற்றினும் அரிய வினா. மரபின்படி அவர் கி.பி. 52-இல் கொடுங்கல்லூர் வந்து, கி.பி. 72-இல் மயிலாப்பூர்ப் பகுதியில் உயிர் நீத்தார். இதனை மூன்று கூறாக்கி நோக்குதல் வேண்டும்.

வந்திருத்தல் இயலுமா என்பது முதற்கூறு. ஐயமின்றி இயலும். யவனர் மரக்கலங்கள் முசிறிக்கு வந்ததைச் சங்கப் பாடல்கள் கூறும். முதல் நூற்றாண்டில் கிரேக்கத்தில் எழுந்த செங்கடற் செலவு நூலும் கூறும். 1945-இல் வீலர் அரிக்கமேட்டில் நிகழ்த்திய அகழ்வு கீழைக்கடற்கரையிலும் உரோம வாணிகத்தை மெய்ப்பித்தது. ஆனால் இயலும் என்பது வேறு; நிகழ்ந்தது என்பது வேறு.

வந்தார் என்பதற்குப் பழைய எழுத்து உண்டா என்பது இரண்டாங்கூறு. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமையர் பணிகள்' என்னும் நூல், அவர் ஆப்பான் என்னும் வணிகனுக்கு அடிமையாக விற்கப்பட்டு, தச்சராகக் குந்தபோரன் என்னும் அரசனிடம் சென்றதைக் கூறும். அற்புதக் கதைகள் நிறைந்த அந்நூலைக் கற்பனை என்றே பலர் தள்ளியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வரசனின் நாணயங்கள் வடமேற்கு இந்தியாவில் கிடைத்தன. தக்தி பாகி என்னுமிடத்துக் கல்வெட்டால் அவன் கி.பி. 46-ஐ ஒட்டி ஆண்டமையும் அறியப்பட்டது. எனவே அந்நூலாசிரியர் உண்மையான நினைவு ஒன்றைக் கேட்டிருத்தல் கூடும். ஆனால் குந்தபோரன் ஆண்டது காந்தாரப் பகுதியை, தமிழகத்தை அன்று. தோமையரைக் கொல்வித்தவனாக அந்நூல் கூறும் மசுதாய் என்னும் அரசன் பெயரும் பாரசீகச் சாயலது. சேர சோழ பாண்டியர் பெயர் எதனோடும் ஒவ்வாதது. பதினாறாம் பெனடிக்டு என்னும் திருத்தந்தையும் 2006-இல் ஆற்றிய உரையில், தோமையர் மேற்கிந்தியா வரை வந்தார் என்றும், அங்கிருந்தே கிறித்தவம் தென்னாடு எய்தியது என்றும் பொருள்படக் கூறினார். அது கேரளக் கிறித்தவரிடையே பெரும் மறுப்பை எழுப்பியது.

மயிலாப்பூர்த் தொடர்பின் தொன்மை யாது என்பது மூன்றாங்கூறு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மாபார் எனப்பட்ட கீழைக்கடற்கரை நாட்டில் தோமையர் கல்லறை உண்டென்றும், கிறித்தவரும் முகமதியரும் அதனை வழிபட்டனர் என்றும் எழுதினார். மயில்வேட்டையாடிய ஒருவனது அம்பு தவறிப் பட்டு அவர் இறந்தார் என்பது அவர் கேட்ட கதை. சிரியாக் நூலோ அரசன் ஆணையால் வீரர் நால்வர் ஈட்டியாற் குத்தினர் என்னும். பிற்கால மரபு, பரங்கிமலையில் பகைவர் குத்திக் கொன்றதாகக் கூறும். ஒரே இறப்பு மூவகையாகச் சொல்லப்படுதல், மரபு வளர்ந்து மாறியதைக் காட்டுகின்றது.

தமிழ் நூல்களின் அமைதியும் கருதற்குரியது. சேரர் வஞ்சியில் சமயக்கணக்கர் பதின்மரைத் தம் திறம் கேட்பிக்கும் மணிமேகலையில் கிறித்தவர் இல்லை. மயிலைத் திருவிழாக்களை அடுக்கிப் பாடும் சம்பந்தர் பதிகத்திலும் அவரைப் பற்றிய குறிப்பு இல்லை. அமைதி ஒன்றே மறுப்பாகாது. சிறு கூட்டத்தார் புலவர் கண்ணிற் படாதிருந்திருக்கலாம். ஆயினும் சான்று தருங் கடன், உண்டு என்பாரைச் சார்ந்ததே.

பரங்கிமலைச் சிலுவைக்கல் தனியே குறிக்கத்தக்கது. 1547-இல் கோவிலுக்கு அடித்தளம் தோண்டியபோது அது வெளிப்பட்டது. அதனைச் சூழ்ந்துள்ள எழுத்துகளைப் படித்ததாக அக்காலத்தில் கூறிய ஒருவர், தோமையரின் வரலாறு முழுதும் அதில் அடங்கியுள்ளது என்றார். 1873-இல் பர்னல் என்பவர் அவ்வெழுத்து பாரசீக நாட்டுப் பகலவி என அறிந்து வெளியிட்டார். பின்வந்தோர் படித்தவாறு அது, சிலுவையை அமைத்தவர்பால் மேசியா இரங்குமாறு வேண்டும் சிறு மன்றாட்டு. அதன் காலம் ஏழாம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டுவரை பலவாறு கணிக்கப்படுகின்றது. தோமையர் பெயர் அதில் இல்லை. ஆனால் பல்லவர் காலத்தையொட்டி, பாரசீகக் கிறித்தவர் பரங்கிமலையில் வழிபட்டனர் என்பதற்கு அக்கல் மறுக்கலாகாச் சான்று. கேரளத்திலும் இத்தகைய பகலவிச் சிலுவைகள் உள, கி.பி. 849-ஐச் சார்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடும் கொல்லத்தில் அவர்தம் வாழ்வைக் காட்டும். எழுத்தை அறியாமல் விரும்பியதைப் படித்தபோது கதை கிடைத்தது; எழுத்தை அறிந்து உள்ளதைப் படித்தபோது வரலாறு கிடைத்தது.

7. வள்ளுவர்க்கு ஆசிரியரா?

ஜி. யு. போப் 1886-இல் வெளியிட்ட திருக்குறள் மொழிபெயர்ப்பின் முன்னுரையில், வள்ளுவர் மயிலைக் கடற்கரையில் கிறித்தவ ஆசிரியரோடு பழகியிருத்தல் கூடும் எனத் தம் உள்ளத்திற் பட்டதை எழுதினார். ஆனால் அவர் வள்ளுவர்க்குக் கொண்ட காலம் கி.பி. 800-க்கும் 1200-க்கும் இடைப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அக்கணக்கின்படி தோமையரே வள்ளுவரைக் கண்டிருத்தல் இயலாது. 1969-இல் மு. தெய்வநாயகம், திருவள்ளுவர் கிறித்தவரா என்னும் வினாவையே தலைப்பாக்கி நூல் வெளியிட்டபின் இக்கருத்து வேறு வடிவில் விரிந்தது.

வள்ளுவர் கி.மு. 31-இல் பிறந்தார் என்னும் மறைமலையடிகள் வழிக் கணக்கைத் தமிழக அரசும் திருவள்ளுவர் ஆண்டாக ஏற்றுள்ளது. அதனைக் கொள்வோர், கி.பி. 52-இல் தமிழகம் வந்தவரிடம் வள்ளுவர் பாடம் கேட்டார் எனின், எண்பது வயது கடந்தபின் கேட்டார் என்றல் வேண்டும். வையாபுரிப்பிள்ளை கொண்டவாறு கி.பி. ஆறாம் நூற்றாண்டை ஒட்டிய காலம் எனின், ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இடையே ஐந்நூறு ஆண்டு உளது. எக்கணக்கும் இக்கதைக்குத் துணைநில்லாது.

நூற்பொருளும் இடந்தரவில்லை. எழுபிறப்பு, ஊழ், கொல்லாமையோடு புலான்மறுத்தல், திருமகளும் அவள் தமக்கையும், இந்திரன் ஆகிய இவையெல்லாம் குறளில் உள. கிறித்தவக் கோட்பாட்டில் இவற்றுக்கு இடமில்லை. இன்னா செய்தார்க்கும் இனியவை செய்தல் என்னும் அறம் இரண்டிற்கும் பொதுவெனின், அது சமண பௌத்த நூல்களுக்கும் பொதுவே. சமணர் வள்ளுவரைத் தம்மவர் என்பர். சைவரும் தம்மவர் என்பர். எல்லாரும் உரிமை கொண்டாடுமாறு அவர் பாடியது அவர்தம் பெருமை. அப்பெருமையை ஒரு சாரார்க்கு உரிய சான்றாக மாற்றுதல் நூலுக்கு நீதி செய்வதாகாது.

8. முடிபு

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். இயேசுநாதர் வரலாற்றில் வாழ்ந்தவர். அவரை மறுப்போர்க்குச் சான்று துணைநில்லாது. அவர் பிறந்த ஆண்டும் நாளும் மரபு கூறுமாறு உறுதிப்படவில்லை. அவர் இந்தியாவிற்கு வந்தார் என்பதற்கும், தமிழர் என்பதற்கும் சான்று இல்லை. தோமையர் வடமேற்கு இந்தியா வரை வந்திருத்தல் கூடும். மயிலாப்பூர் வந்தார் என்பது பழமையான நம்பிக்கையே யன்றி மெய்ப்பிக்கப்பட்ட செய்தியன்று. வள்ளுவர் தோமையரிடம் கற்றார் என்பது காலத்தாலும் பொருளாலும் பொருந்தாது.

இம்முடிபுகள் ஒரு சாரார்க்கு வெற்றியும் மற்றொரு சாரார்க்குத் தோல்வியும் ஆகா. தோமையர் வருகையை ஐயுறுவோர் அதே அளவுகோலால் இயேசுவின் வாழ்வை ஏற்கவேண்டியவராகின்றனர். இயேசுவின் வாழ்வுக்குச் சான்று கேட்டுப் பெற்றோர் தோமையர் மரபுக்கும் அச்சான்றையே கேட்கவேண்டியவராகின்றனர். ஒரு கோவிலின் தலவரலாற்றைப் பொய்யென நகைத்து மற்றொன்றின் தலவரலாற்றை மெய்யென வணங்குதல் ஆராய்ச்சியாளர்க்கு அடாது. ஏடு காட்டாத கூற்றை நம் இனப்பெருமைக்கு உதவும் என்பதற்காகப் போற்றுதலும் அடாது.

இத்துறையில் இனிச் செய்யவேண்டுவன பலவுள. பரங்கிமலை முதல் பூந்தமல்லி, திருமழிசை வரையுள்ள ஊர்களில் வழங்கும் தோமையர் கதைகளை, சொல்வோர் வாய்மொழியாகவே, வேறுபாடுகளோடு தொகுத்தல் வேண்டும். அக்கதைகளுள் அச்சுநூலினின்று வந்தன எவை, முன்னோர் வாய்வழி வந்தன எவை எனப் பிரித்தல் வேண்டும். பகலவிச் சிலுவைகளைத் தமிழகக் கடல்வாணிக வரலாற்றோடு சேர்த்து ஆராய்தல் வேண்டும். பாரசீக நாட்டினின்று கடல்கடந்து வந்து, தம் மொழியில் தம் மன்றாட்டைக் கல்லில் வெட்டிய அவ்வணிகர் அல்லது துறவியர் யாவர், எவ்வாறு இந்நாட்டாரோடு வாழ்ந்தனர் என்பது இன்னும் எழுதப்படாத தமிழக வரலாற்றின் ஒரு பகுதி. சான்றில்லாக் கதையை நிலைநாட்டச் செலவிடும் உழைப்பில் ஒரு பகுதி இதற்குச் செலவிடப்படின், கிறித்தவர்க்கும் பிறர்க்கும் பொதுவாகிய தமிழக வரலாறு வளம்பெறும் என்பது எம் துணிபு.